இரண்டு மணி நேரத் தூரத்தில் தவிக்கும் அந்தமான் மக்கள்

சென்னை விமான நிலையத்திலிருந்து போர்ட் பிளேருக்கு வான்வழித் தூரம் சுமார் 1,370 கிலோமீட்டர். ஜெட் விமானம் இரண்டேகால் மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடும். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கும் ஏறக்குறைய இதே தூரம்தான், இதே நேரம்தான். கொல்கத்தாவிலிருந்து போர்ட் பிளேருக்குச் சுமார் 1,300 கிலோமீட்டர். மூன்று ஊர்களையும் வரைபடத்தில் கோடு போட்டு இணைத்துப் பார்த்தால், மூன்று பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள முக்கோணம் கிடைக்கும். அதன் ஒரு பக்கத்தில் தண்டவாளம் இருக்கிறது, நெடுஞ்சாலை இருக்கிறது. மற்ற இரண்டு பக்கங்களிலும் இருப்பது வங்கக் கடல் மட்டுமே. அந்த இரண்டு பக்கங்களும் சந்திக்கும் முனையில் நாங்கள் வாழ்கிறோம்.

சென்னைவாசிக்குக் கொல்கத்தா விமானக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால், சென்ட்ரலுக்குப் போய்க் கோரமண்டலிலோ ஹவுரா மெயிலிலோ ஏறிக்கொள்ளலாம். ஒரு நாளும் சில மணி நேரமும் ஆகும். தூங்கும் வசதிப் பெட்டியில் சில நூறு ரூபாய்க்கு வேலை முடிந்துவிடும். அந்த ரயில் ஓடிக்கொண்டிருப்பதாலேயே விமான நிறுவனங்களும் ஓரளவுக்கு மேல் கட்டணத்தை ஏற்றத் தயங்குகின்றன. போர்ட் பிளேர்வாசிக்கு அப்படி ஒரு வழி கிடையாது. விமானத்துக்குப் பணமில்லை என்றால் அவருக்கு மிஞ்சுவது கப்பல். புறப்பட்டால் 60 மணி நேரம். புறப்படும் நாளுக்காகக் காத்திருக்கும் நேரம் இந்தக் கணக்கில் சேராது.

நாடு விடுதலை அடைந்து எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் சொந்த நாட்டின் நிலப்பரப்புக்குப் போய்வர இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் இந்தியக் குடிமக்கள் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 3,80,581 பேர். அவர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய 15 விழுக்காடு. வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், ராஞ்சியிலிருந்து வந்து காடு வெட்டிய ஆதிவாசிகளின் பிள்ளைகள், நிக்கோபார்ப் பழங்குடியினர் என்று எல்லோருக்கும் இது பொதுவான துன்பம். தமிழர்களைப் பற்றித் தனியே ஏன் சொல்கிறேன் என்றால், எங்களில் பெரும்பாலோருக்கு ‘மெயின்லேண்ட்’ என்ற சொல்லுக்கே சென்னை என்றுதான் பொருள். பெண் எடுப்பதும் கொடுப்பதும் அங்கே. குலதெய்வம் ராமநாதபுரத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கும். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பங்களுக்கும் சொந்தபந்தம் தமிழ்நாட்டில்தான். இங்கே வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் கூட்டத்தைப் பார்க்கிறவர்கள், கடல் தாண்டிய ஊர் இது என்று நம்பவே மாட்டார்கள். 2024 செப்டம்பரில் எங்கள் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். போக்குவரத்தில் எதுவும் மாறவில்லை.

முதலில் கப்பலைப் பார்ப்போம். சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் மாதத்துக்கு மூன்று அல்லது நான்கு முறை, விசாகப்பட்டினத்திலிருந்து மாதம் ஒரு முறை என்று எழுத்தில் இருக்கிறது. நடைமுறையில் அந்தக் கணக்கை நம்பி யாரும் கல்யாணத் தேதி குறிப்பதில்லை. ஒரு கப்பல் பழுது பார்க்கப் போனால் அதன் இடத்தை நிரப்ப இன்னொன்று இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் புறப்பாடு தள்ளிப்போகும். எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பயண அட்டவணை போதிய அவகாசத்துடன் வெளிவருவதில்லை. வந்த பிறகும் மாறும். பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தில் ஃபீனிக்ஸ் பே டிக்கெட் கவுண்டர் முன்னால் விடிவதற்கு முன்பே வரிசை நின்றுவிடும். செருப்பையும் துணிப்பையையும் வரிசையில் வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெண்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். ‘பங்க்’ எனப்படும் கட்டில் வகுப்பு டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று ஜன்னலுக்கு உள்ளிருந்து குரல் வரும்போது, வரிசையின் பாதிகூடக் கரைந்திருக்காது.

டிக்கெட் கிடைத்தவர்களின் பயணமும் சொகுசானதல்ல. கப்பலின் அடித்தளத்தில் வரிசை வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அலை அடிக்கத் தொடங்கினால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி படுத்துக்கிடக்க வேண்டியதுதான். மூன்று பகலும் இரண்டு மூன்று இரவும் குழந்தைகளையும் முதியவர்களையும் வைத்துக்கொண்டு அப்படிப் போய்ச் சேர வேண்டும். ஆனாலும் கப்பலை நாங்கள் குறை சொல்லிவிட்டு விலக மாட்டோம். கூலி வேலை செய்கிறவரும் மீன் பிடிக்கிறவரும் குடும்பத்தோடு ஊருக்குப் போக அந்தக் கப்பல் ஒன்றே துணை. தீவுவாசிகளுக்கான ஐலேண்டர் கார்டு வைத்திருப்பவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நாங்கள் கேட்பதெல்லாம் அது சொன்ன நாளில் புறப்பட வேண்டும், போதுமான அளவுக்கு இருக்க வேண்டும் என்பதுதான்.

கப்பலின் 60 மணி நேரத்துக்கும் விமானத்தின் இரண்டேகால் மணி நேரத்துக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை என்பதே எங்கள் பிரச்னையின் வேர். மெயின்லேண்ட் மக்களுக்கு விமானம் வசதி. எங்களுக்கு அது ஊர்ப் பேருந்து. ஊர்ப் பேருந்தின் கட்டணம் காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும், தேவைப்படுகிறவரின் அவசரத்தைப் பார்த்து ஏறிக்கொண்டே போவதாகவும் இருந்தால் எந்த ஊர் பொறுத்துக்கொள்ளும்?

கூட்டமில்லாத மாதங்களில் ஆறேழு ஆயிரத்துக்குக் கிடைக்கும் அதே இருக்கை, கோடை விடுமுறையிலும் தீபாவளி, புத்தாண்டு நாட்களையொட்டியும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. சுற்றுலாப் பயணி ஆறு மாதம் முன்பே திட்டமிட்டு மலிவான இருக்கைகளை வாங்கிவிடுவார். அவர்மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. இந்தத் தீவுகளில் பாதி வீடுகளின் அடுப்பு எரிவது சுற்றுலாவால்தான். அரசு ஊழியர்கள் விடுமுறைப் பயணச் சலுகையில் இங்கே விமானத்தில் வரலாம் என்று நீண்ட காலமாகவே அனுமதி இருக்கிறது. அதுவும் நல்லதே. ஆனால் சுற்றுலாப் பயணியின் பக்கத்து இருக்கையில் உட்காருகிற தீவுவாசி, தகப்பனாருக்கு மாரடைப்பு என்று நேற்றிரவு தொலைபேசி வந்ததால் இன்று கிளம்புகிறவராக இருப்பார். சாவுக்கும் நோய்க்கும் ஆறு மாத முன்பதிவு செய்ய முடியாது. அந்த விமானத்தில் மிக அதிகமான விலை கொடுத்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

பணம் இருந்தாலும் பயணம் உறுதியில்லை என்பது இன்னொரு கொடுமை. எங்கள் ஓடுதளம் 3,290 மீட்டர் நீளம். பெரிய விமானங்களுக்கும் போதுமான நீளம்தான். ஆனால் அதன் ஒரு முனைக்கு அப்பால் குன்றுகள் இருப்பதால், விமானங்கள் தென்மேற்கே கடல் பக்கமிருந்து வந்து இறங்கி, பிறகு அதே பக்கமாகத்தான் மேலேறிப் போக வேண்டும். சாதாரணமாக விமானம் காற்றை எதிர்த்து இறங்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அதற்கேற்ப மற்ற ஊர்களில் ஓடுதளத்தின் எந்த முனையை வேண்டுமானாலும் விமானி தேர்ந்துகொள்ளலாம். இங்கே தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால், இறங்கும் விமானத்துக்கு அது முதுகுப் பக்கத்திலிருந்து தள்ளும் காற்றாகிவிடுகிறது. அந்தக் காற்றின் வேகம் ஓர் அளவைத் தாண்டினால் இறங்கக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. விதியில் தவறில்லை. விமானி சரியாகவே நடந்துகொள்கிறார்.

அப்போது நடப்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தாழ்ந்து வரும் விமானத்தின் ஜன்னலில் தென்னை மரங்களும் தகரக் கூரைகளும் தெரியத் தொடங்கியிருக்கும். பயணிகள் வீட்டுக்குத் தொலைபேச ஆயத்தமாக இருப்பார்கள். திடீரென்று இயந்திரங்கள் உறுமி விமானம் மேலே எழும்பும். ஒருமுறை வட்டமடிக்கும், மறுபடி முயலும். பிறகு ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டு, விமானம் சென்னைக்கே திரும்புகிறது என்பார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் இருந்துவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே போய் இறங்குவோம். 1,370 கிலோமீட்டரை இரண்டு முறை கடந்தும் வீடு வந்து சேரவில்லை. அடுத்த விமானத்தில் இடம் கிடைக்க ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். வானிலை காரணம் என்பதால் தங்குமிடச் செலவு பயணியின் தலையில். சென்னையில் உறவினர் இல்லாதவர்கள் விமான நிலைய நாற்காலிகளிலேயே இரவைக் கழித்திருக்கிறார்கள்.

திரும்பிப் போகும் அந்த விமானம் இங்கிருந்து ஏற்றிச் செல்லவேண்டிய பயணிகளும் இங்கே சிக்கிக்கொள்வார்கள். பாதிக்கப்படுவது ஒரு விமானத்தின் பயணிகள் என்று கணக்கெழுதுவார்கள். உண்மையில் இரண்டு விமானப் பயணிகள்.

அருகில் மாற்று விமான நிலையம் இல்லாததும் இதற்குக் காரணம். காற்று ஒத்துழைக்காதபோது சென்னைக்கு வரும் விமானம் திருச்சியிலோ பெங்களூரிலோ இறங்குவதுபோல, இங்கே அடுத்த ஊரில் இறங்க வழியில்லை. அதனால் திரும்பிப் போகும் தூரத்துக்கும் சேர்த்து எரிபொருளைச் சுமந்துகொண்டுதான் விமானம் புறப்பட வேண்டும். அந்தச் சுமைக்கும் எங்கள் கட்டணத்தில்தான் விலை ஏறுகிறது. தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கான மதிப்புக் கூட்டு வரி நெடுங்காலமாக நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சென்னையில் நிரப்பும் எரிபொருளுக்கான வரியைத் தீவுக்காரரும் சுமக்கிறார்.

டிக்லிபூரை அடுத்த ஷிப்பூரில் ராணுவப் பயன்பாட்டுக்கான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அதை நீட்டிப் பொது விமானங்களுக்கும் திறந்துவிட்டால் மாற்று நிலையமாகவும் ஆகும், வட அந்தமான் மக்களுக்கு விடிவாகவும் ஆகும். டிக்லிபூரிலிருந்து சென்னைக்குப் போகிறவர் போர்ட் பிளேர் வந்து சேரவே 300 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் வர வேண்டும். ஜராவா பழங்குடியினரின் காட்டுப் பகுதியில் வாகனங்களைக் குறித்த நேரத்தில் அணியாகத்தான் விடுவார்கள். அது அந்தப் பழங்குடி மக்களின் பாதுகாப்புக்குத் தேவையான ஏற்பாடு. அதற்கு மாறாக யாரும் பேசவில்லை. ஆனால் அணி புறப்படும் நேரத்தைத் தவறவிட்டவர் விமானத்தையும் தவறவிடுகிறார். கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பே மக்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குப் போர்ட் பிளேரே 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது; அங்கே வந்து சேரவும் தீவுகளிடைக் கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ இடம் கிடைக்க வேண்டும். அதே கிரேட் நிக்கோபாரில் பன்னாட்டு விமான நிலையத்துடன் கூடிய பெருந்திட்டம் வரப்போகிறது என்கிறார்கள். வரப்போகிறவர்களுக்கான ஏற்பாடுகளில் காட்டும் வேகத்தில் கொஞ்சம், ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கும் கிடைக்கக்கூடாதா?

மருத்துவத்தில்தான் இந்தத் தூரம் உயிரைக் குடிக்கிறது. போர்ட் பிளேரில் அரசு மருத்துவமனையும், 2015இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. மருத்துவர்கள் தங்களால் இயன்றதைச் செய்கிறார்கள். இருந்தும் சிக்கலான இதய அறுவை சிகிச்சை, புற்றுநோய், மூளை நரம்பு, பச்சிளங்குழந்தைகளின் சிக்கல்கள் என்று வந்தால் ‘மெயின்லேண்டுக்கு ரெஃபர்’ என்று ஒரு தாள் கையில் வரும். சிகிச்சைச் செலவுக்கு உதவித் திட்டம் உண்டு. ஆனால் கையில் தாள் வந்த நிமிடத்திலிருந்து குடும்பம் தேடுவது மருத்துவரையல்ல, விமான டிக்கெட்டை. படுத்த நிலையில் கொண்டுபோக வேண்டிய நோயாளி என்றால் ஆறு முதல் ஒன்பது இருக்கைகளை எடுத்துவிட்டு அங்கே ஸ்ட்ரெச்சர் பொருத்த வேண்டும். எல்லா விமான நிறுவனங்களும் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ளும் நிறுவனத்திலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், அத்தனை இருக்கைகளுக்குமான பணம் கட்ட வேண்டும். நகையை அடகு வைக்கப் போன மகன் திரும்பி வருவதற்குள் இருக்கைகள் நிரம்பிவிட்டன என்று சொல்லப்பட்ட குடும்பங்கள் எங்கள் தெருக்களில் இருக்கின்றன.

உயிர் பிழைக்காதவர்களின் கதை வேறு. சென்னையில் சிகிச்சை பலனின்றி இறந்தவரின் உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவர, உடலுக்குச் சரக்குக் கட்டணம், உடன் வருகிறவர்களுக்கு அன்றைய தேதியின் உச்சக் கட்டணம். முடியாதவர்கள் அங்கேயே தகனம் செய்துவிட்டுச் சாம்பலோடு கப்பலில் வருகிறார்கள். மறுபக்கம், தமிழ்நாட்டில் பெற்றவர் இறந்தால் இங்கிருக்கும் பிள்ளைகளுக்காக எத்தனை நேரம் பிணத்தை வைத்திருப்பார்கள்? கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் கைபேசித் திரையில் சிதையைப் பார்த்து அழும் வீடுகள் இப்போது இங்கே அபூர்வமில்லை.

மாணவர்களின் பாடும் சொல்லத்தக்கதே. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படிக்கும் தீவுப் பிள்ளைகள் செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வருவது, கட்டணத்தைப் பார்த்து எடுக்கும் முடிவாகிவிட்டது. நேர்காணலுக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுத்து அழைக்கும் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம் என்று பல இளைஞர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

வாக்குறுதிகளுக்குப் பஞ்சமில்லை. கட்டணம் கட்டுக்குள் வரும், தீவுவாசிகளுக்குத் தனி ஒதுக்கீடு வரும், புதிய கப்பல்கள் வரும், மாலையிலும் இரவிலும் விமானங்கள் வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மனுக்கள் கொடுத்தோம், வர்த்தகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் கையெழுத்து வாங்கினார்கள், ஆய்வு செய்யப்படும் என்று பதில் வந்தது. இங்கே சட்டமன்றம் கிடையாது. மக்களவையில் எங்களுக்கு ஒரே ஓர் உறுப்பினர். உரக்கக் கேட்க எங்களுக்கு ஆள் பலம் இல்லை என்பதும் காலதாமதத்துக்கு ஒரு காரணமென்றே நினைக்கிறேன்.

2023 ஜூலை 18 அன்று சுமார் 710 கோடி ரூபாய் செலவில் புதிய முனையம் திறக்கப்பட்டது. சிப்பியின் வடிவத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளும் திறன் கொண்டது என்றார்கள். பழைய முனையத்தின் நெரிசலை அனுபவித்தவர்களுக்கு நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் முனையம் பெரிதானதால் குன்று நகர்ந்துவிடவில்லை, காற்றின் திசை மாறிவிடவில்லை, கட்டணம் குறையவில்லை. குளிரூட்டப்பட்ட கூடத்தில் உட்கார்ந்து ரத்தான விமானத்துக்காகக் காத்திருக்கிறோம் என்பதே வித்தியாசம்.

செய்ய முடியாத காரியத்தை நாங்கள் கேட்கவில்லை. சென்னையிலிருந்து கடலுக்கடியில் எங்கள் தீவுகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் போட முடிவெடுத்தார்கள். 2018 டிசம்பர் 30இல் அடிக்கல் நாட்டினார்கள். 1,224 கோடி ரூபாயில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள், 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்துவிட்டது, அதுவும் கொரோனா காலத்தில். இருபது மாதங்களுக்குள் வங்கக் கடலின் அடியில் இதைச் செய்யத் தெரிந்த அரசுக்கு, அதே கடலின் மேலே மனிதர்கள் போய்வர வழி செய்யத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கட்டணக் கட்டுப்பாடும் புதிதல்ல. கொரோனாவுக்குப் பிறகு 2020 மே மாதம் விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, பயண நேரத்தை அடிப்படையாக வைத்து ஏழு பிரிவுகள் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச, அதிகபட்சக் கட்டணம் அறிவித்தார்கள். 2022 ஆகஸ்ட் 31 வரை அது நடப்பில் இருந்தது. விமான நிறுவனங்கள் அப்போதும் பறந்தன. 2025 டிசம்பரில் நாடெங்கும் விமானங்கள் ரத்தாகிக் கட்டணங்கள் கண்டபடி ஏறியபோது, இம்முறை தூரத்தை அடிப்படையாக வைத்து வரம்பு கட்டினார்கள். 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. எங்கள் 1,370 கிலோமீட்டர் 15,000 ரூபாய்ப் பிரிவில் வரும். ஆக, தூரத்தையும் நேரத்தையும் வைத்து நியாயமான விலை எது என்று கணக்கிட அதிகாரத்தில் உள்ளவர்களுக்குத் தெரியும். நாடு முழுவதற்கும் நெருக்கடி வந்தபோது சில நாட்களில் உத்தரவு வந்தது. எங்களுக்கு அந்த நெருக்கடி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது.

அந்த வரம்பே எங்களுக்குப் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. ஒருவருக்கு 15,000 என்றால், நான்கு பேர் கொண்ட குடும்பம் சென்னை போய்வர 1,20,000 ரூபாய். அபர்தீன் பஜாரில் துணிக்கடையில் வேலை பார்க்கிறவருக்கு அது கனவில்கூட வராத தொகை. உச்சவரம்பு கொள்ளையைத் தடுக்கும், பயணத்தைக் கைக்கெட்டும்படி செய்யாது. அதற்குத் தனிச் சலுகை வேண்டும்.

கடல் சூழ்ந்த தம் மக்களை மற்ற நாடுகள் எப்படி நடத்துகின்றன என்று பார்க்கலாம். ஸ்பெயினின் கேனரி தீவுகள் மாட்ரிட் நகரிலிருந்து ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர் தொலைவில், ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கின்றன. அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கு விமானக் கட்டணத்தில் 75 விழுக்காடு தள்ளுபடி. அந்தத் தள்ளுபடித் தொகையை அரசு கொடுக்கிறது. ஸ்காட்லாந்தின் தொலைதூரத் தீவுகளில் வசிப்பவர்களுக்கு 2006 முதலே விமானக் கட்டணத்தைக் குறைக்கும் திட்டம் நடக்கிறது; இப்போது அந்தத் தள்ளுபடி பாதிக் கட்டணம். அவை பணக்கார நாடுகள் என்று சொல்வார்கள். எங்கள் மொத்த மக்கள்தொகை தமிழ்நாட்டின் நடுத்தர நகரம் ஒன்றின் அளவுதான். இந்தச் செலவு அரசுக்குப் பெரிய பாரமாகாது.

இதற்குப் புது அலுவலகமோ புது அட்டையோகூடத் தேவையில்லை. கப்பல் சலுகைக்காக எங்களில் பெரும்பாலோரிடம் ஐலேண்டர் கார்டு ஏற்கெனவே இருக்கிறது. யார் தீவுவாசி என்பதைச் சரிபார்த்துத்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள். கப்பல் கவுண்டரில் செல்லும் அந்த எண், விமான டிக்கெட் பதிவிலும் செல்லும்படி செய்தால் போதும். ஆண்டுக்கு ஒருவருக்கு இத்தனை பயணம் என்று வரையறை வைத்தாலும் ஏற்றுக்கொள்வோம். ஒவ்வொரு விமானத்திலும் சில இருக்கைகளைக் கடைசி நாள் வரை தீவுவாசிகளுக்கென நிறுத்திவைக்க வேண்டும். மருத்துவமனையின் பரிந்துரைத் தாளைக் காட்டினால் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் அன்றே இடம் கிடைக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் வசதியை இந்த வழித்தடத்தில் பறக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கட்டாயமாக்க வேண்டும். அதன் கூடுதல் இருக்கைச் செலவைச் சிகிச்சை உதவித் திட்டத்திலேயே சேர்க்கலாம்.

காற்றின் காரணமாகத் திருப்பி விடப்படும் பயணிகளை அடுத்த விமானத்தில் ஏற்றும் பொறுப்பும், அதுவரை தங்கவைக்கும் பொறுப்பும் யாருக்கு என்பதை இந்த வழித்தடத்துக்கென்று தனியாக வரையறுக்க வேண்டும். வானிலையைக் காரணம் காட்டிக் கைகழுவும் விதி, மறுநாள் ரயிலேறிப் போகக்கூடிய ஊர்களுக்குப் பொருந்தலாம். ஷிப்பூர் ஓடுதளத்தைப் பற்றிய முடிவைக் காலவரையறையோடு அறிவிக்க வேண்டும். கப்பல்களைப் பொறுத்தவரை, ஆறு மாதத்துக்கான புறப்பாட்டு அட்டவணை முன்கூட்டியே வெளியாக வேண்டும். ஒரு கப்பல் பழுதானால் மாற்றுக் கப்பல் அமர்த்தும் ஏற்பாடும் அதிலேயே இருக்க வேண்டும்.

2024 நவம்பரில் மலேசிய நிறுவனம் ஒன்று கோலாலம்பூரிலிருந்து எங்கள் ஊருக்கு நேரடி விமானம் விடத் தொடங்கியது. கோலாலம்பூர் எங்களிடமிருந்து ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர், அதாவது சென்னையின் தூரம்தான். யாங்கூனும் புக்கெட்டும் அதில் பாதிதான். வரைபடத்தில் நாங்கள் அந்த நாடுகளுக்கு அருகில் இருக்கிறோம் என்பது எங்கள் தவறல்ல. எங்கள் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழும், பெற்றவர்களின் ஓய்வூதியமும், நோயாளிகளின் மருத்துவரும் இருப்பது 1,370 கிலோமீட்டர் மேற்கே.

ஏப்ரல், மே மாதங்களுக்கான விமான இருக்கைகள் ஆண்டின் தொடக்கத்திலேயே விற்கத் தொடங்கிவிடுகின்றன. தீவுவாசிகளுக்கான கட்டணமும் இட ஒதுக்கீடும் அதற்கு முன்பே உத்தரவாக வெளியானால்தான், வரும் கோடையில் ஒரு குடும்பமாவது அதனால் பயனடையும். ஆய்வு செய்கிறோம் என்ற பதிலோடு இந்த ஆண்டும் போய்விட்டால், அடுத்த கோடை வரை கப்பல் கவுண்டர் வரிசையில் செருப்பு வைத்துக் காத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வழியில்லை.